13 ஆட்டம், 13 வெற்றி, ஐந்தாம் இடம்

டிசம்பர் 3, 2023, மதியம்

டல்லஹாசியில், ஃப்ளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "அண்ணா, ஃப்ளோரிடா ஸ்டேட் 13 ஆட்டம் ஆடி 13-லும் ஜெயித்தது. எங்கள் கான்ஃபரன்ஸான (அணிகளின் கூட்டமைப்பு) ஏ.சி.சி.யின் சாம்பியன். ஒரு ஆட்டம் தோற்ற அலபாமா, தேசிய சாம்பியனைத் தீர்மானிக்கும் நான்கு அணி பிளேஆஃபுக்குள்ளே, நாங்கள் வெளியே. இது எந்த ஊர் நியாயம்? 18 வருடமாக ஒஹையோவின் கொலம்பஸில் உட்கார்ந்து அமெரிக்கக் காலேஜ் ஃபுட்பால் பார்க்கிறீர்களே, நீங்களே சொல்லுங்கள்."

தம்பி, உங்கள் வயிற்றெரிச்சல் புரிகிறது. ஆனாலும் மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். தேர்வுக்குழு செய்தது சரி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நவம்பர் 18 அன்று உங்கள் குவார்ட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துகிறவர்) ஜோர்டன் டிராவிஸ் கால் முறிந்து வண்டியில் ஏற்றப்பட்டபோதே அது வேறு அணியாகிவிட்டது. நேற்று ஷார்லட்டில் லூயிவில்லோடு நடந்த ஏ.சி.சி. இறுதியில் இரண்டாவது குவார்ட்டர்பேக்கை வைத்துக்கொண்டு 16-6 என்று முக்கி முக்கித்தான் ஜெயித்தீர்கள். அதே நாளில் அலபாமா, தொடர்ந்து 29 ஆட்டம் தோற்காத ஜார்ஜியாவை 27-24 என்று சாய்த்தது. அலபாமாவை உள்ளே விட்டால், அவர்களை அவர்கள் ஊரிலேயே 34-24 என்று அடித்த டெக்சஸையும் விட்டாக வேண்டும். மிச்சிகனும் வாஷிங்டனும் தோற்கவே இல்லை. நான்கு நாற்காலியும் நிரம்பிவிட்டது.

குழுவின் வேலை சிறந்த நான்கு அணிகளைத் தேர்ந்தெடுப்பது. யார் அதிகம் பாடுபட்டார்கள் என்று பார்த்துப் பரிசு கொடுப்பது அல்ல.

டிசம்பர் 3, 2023, இரவு

ஊரிலிருந்து படிக்கும் இரண்டு பேர், "புள்ளிப் பட்டியல் என்று ஒன்று கிடையாதா, எதற்கு ஓட்டெடுப்பு?" என்று கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி.

மேல்மட்டப் பிரிவில் மட்டும் இந்த வருடம் 133 பல்கலைக்கழக அணிகள். ஒவ்வொன்றுக்கும் 12 ஆட்டம், அதில் பெரும்பாலானவை தங்கள் கான்ஃபரன்ஸுக்குள்ளேயே. உடம்பு முறியும் ஆட்டம் என்பதால் வாரத்துக்கு ஒன்றுக்கு மேல் ஆட முடியாது. ஆக மிச்சிகனும் வாஷிங்டனும் சீசன் முழுக்க ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே மாட்டார்கள். யார் பெரியவர் என்று யாராவது வெளியிலிருந்து சொல்லித்தான் ஆக வேண்டும்.

1936-லிருந்து பத்திரிகைக்காரர்கள் ஓட்டுப் போட்டு வரிசைப்படுத்தினார்கள். பல வருடம் கடைசி ஓட்டெடுப்பை, சீசன் முடிந்து நடக்கும் பௌல் போட்டிகளுக்கு முன்பே முடித்துவிடுவார்கள். 1964-இல் அலபாமாவை அப்படித்தான் தேசிய சாம்பியன் என்று அறிவித்தார்கள். அப்புறம் ஆரஞ்சு பௌலில் அலபாமா டெக்சஸிடம் தோற்றது, பட்டம் பட்டமாகவே இருந்தது. 1998-இலிருந்து கம்ப்யூட்டர் கணக்கும் ஓட்டும் கலந்த பி.சி.எஸ். முறை. 2014-இலிருந்து 13 பேர் கொண்ட குழு. டல்லஸுக்குப் பக்கத்தில் கிரேப்வைன் என்ற ஊரில் ஒரு ஹோட்டலில் உட்கார்ந்து பேசி, பட்டியல் போடுகிறார்கள்.

பௌல் என்பது முதலில் சுற்றுலா சமாசாரம். பாசடீனாவில் ரோஜா விழாவுக்குக் கூட்டம் சேர்க்க 1902-இல் ஆரம்பித்தது: மிச்சிகன் 49, ஸ்டான்ஃபோர்டு 0. அதைப் பார்த்து வெயில் அடிக்கும் ஊரெல்லாம் ஆளுக்கொரு பௌல் வைத்தன. யாரைக் கூப்பிட்டால் ரசிகர்கள் பெட்டி கட்டிக்கொண்டு வந்து ஹோட்டலை நிரப்புவார்கள் என்பதும் அழைப்பில் சேர்ந்தது. அந்த வழக்கம் இன்னும் முழுசாகப் போய்விடவில்லை.

டிசம்பர் 4, 2023

ராத்திரி தூக்கம் வரவில்லை. நேற்று மதியம் எழுதியதைத் திரும்பப் படித்தேன். அதில் எனக்கு இப்போது உடன்பாடு இல்லை.

காரணம் 2014. அந்த வருடம் எங்கள் ஊர் அணியான ஒஹையோ ஸ்டேட்டின் முதல் குவார்ட்டர்பேக் பிராக்ஸ்டன் மில்லருக்கு சீசன் ஆரம்பிக்கும் முன்பே தோளில் அடி. இரண்டாவது ஆள் ஜே.டி. பாரெட். மிச்சிகன் ஆட்டத்தில் அவருக்குக் கணுக்கால் முறிந்தது. நான் அரங்கத்தில் இருந்தேன். ஜெயித்துக்கொண்டிருந்த ஆட்டம், ஒரு லட்சம் பேரும் சத்தமே இல்லாமல் நின்றோம். மிச்சிகன் குவார்ட்டர்பேக் டெவின் கார்ட்னர் எதிரணி என்று பார்க்காமல் பாரெட்டின் பக்கத்தில் வந்து குனிந்து ஆறுதல் சொன்னது இன்னும் கண்ணில் நிற்கிறது.

ஒரே வாரத்தில் மூன்றாவது ஆள் கார்டேல் ஜோன்ஸ் இறங்கி, விஸ்கான்சினை 59-0 என்று அடித்தார். குழு எங்களை நான்காம் இடத்துக்கு ஏற்றியது. அதே நாளில் 55-3 என்று ஜெயித்த டி.சி.யு. என்ற அணி மூன்றாம் இடத்திலிருந்து ஆறுக்கு இறங்கியது. நாங்கள் அந்த சீசனில் சொந்த மைதானத்தில் வர்ஜீனியா டெக்கிடம் தோற்றவர்கள் வேறு. அன்று நான் என்ன சொன்னேன்? "யார் ஆடினால் என்ன, அணிதானே ஜெயித்தது" என்றேன். அப்புறம் அலபாமாவை 42-35, ஓரிகனை 42-20. கோப்பை வீட்டுக்கு வந்தது.

மூன்றாவது ஆளை வைத்துக்கொண்டு சாம்பியனாக முடியும் என்பதற்கு என் அணியே சாட்சி. அப்படியிருக்க, இரண்டாவது ஆள்தானே என்று உங்களை வெளியே தள்ளியதற்கு நான் எப்படித் தலையாட்டினேன்? மன்னித்துக்கொள்ளுங்கள் தம்பி.

டிசம்பர் 5, 2023

ஒரு திருத்தம். ஷார்லட்டில் ஆடியது இரண்டாவது ஆள் இல்லை. இரண்டாவது ஆளான டேட் ரோடமேக்கருக்குத் தலையில் அடி. அன்று ஆடிய பிராக் க்ளென் மூன்றாவது ஆள், முதல் வருட மாணவர். தம்பி சுட்டிக்காட்டினார், நன்றி.

யோசித்தால் இது உங்கள் கட்சிக்குத்தான் பலம். மூன்றாவது ஆளோடு ஆடி, எதிராளியை ஒரு டச்டவுன்கூட (பந்தை எல்லைக் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோவது) போட விடாமல் தடுத்து, கான்ஃபரன்ஸ் கோப்பை எடுத்த அணி அது. எங்களை 2014-இல் ஏற்றிவிட்ட அதே காரணம் உங்களை இறக்கிவிட்டிருக்கிறது. வித்தியாசம் 59-க்கும் 16-க்கும்தான்.

டிராவிஸ் எழுதியதைப் படித்தீர்களா? தன் கால் சீசனில் இன்னும் முன்னாலேயே உடைந்திருக்கக் கூடாதா, அப்போது இந்த அணி ஒரு குவார்ட்டர்பேக்கை மட்டும் நம்பி இல்லை என்று எல்லோரும் பார்த்திருப்பார்களே என்று எழுதியிருக்கிறார். அடிபட்ட பையனை இப்படி நினைக்க வைத்த பட்டியலை நான் ஞாயிற்றுக்கிழமை ஆதரித்தேன்.

டிசம்பர் 10, 2023

பக்கத்து வீட்டுப் பெரியவரைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். 71 வயது. கொலம்பஸில் 40 வருடமாக இருந்தும் வாசலில் மிச்சிகனின் நீல-மஞ்சள் கொடியைத்தான் பறக்க விடுவார். எங்கள் இரண்டு அணிகளும் மோதும் நவம்பர் கடைசி வாரத்தில் நானும் அவரும் பேச்சு வார்த்தை வைத்துக்கொள்வதில்லை, அது எங்களுக்குள் ஒப்பந்தம். நேற்று இலை அள்ளிக்கொண்டிருந்தார். ஃப்ளோரிடா ஸ்டேட் விஷயத்தைச் சொன்னேன். மண்வாரியைச் சுவரில் சாய்த்துவிட்டு, "உள்ளே வா, ஒன்று காட்டுகிறேன்" என்றார்.

கராஜில் ஒரு தகர டப்பா. அதிலிருந்து ஒரு ரோடு மேப்பை எடுத்தார். மடிப்பெல்லாம் விட்டுப்போய், செல்லோ டேப் பழுத்து மஞ்சளாகியிருந்தது. மிச்சிகன் பல்கலைக்கழகம் இருக்கும் ஆன் ஆர்பரிலிருந்து சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு: சிகாகோ, செயின்ட் லூயிஸ், ஓக்லஹோமா சிட்டி, ஆல்பகர்க்கி, பாசடீனா. ஓரத்தில் எங்கெங்கே பெட்ரோல் போடுவது என்று குறிப்பு. 1973 டிசம்பர், எண்ணெய்த் தட்டுப்பாட்டுக் காலம். ஞாயிற்றுக்கிழமைகளில் பங்க்கை மூடச் சொல்லி நிக்சன் கேட்டுக்கொண்டிருந்தார். நான்கு நண்பர்கள், ஒரு பழைய கார்.

நவம்பர் 24 அன்று ஆன் ஆர்பரில் ஒஹையோ ஸ்டேட்டும் மிச்சிகனும் மோதின. இரண்டுமே அதுவரை தோற்கவில்லை. பாதி ஆட்டத்தில் நாங்கள் 10-0. கடைசி கால்பகுதியில் மிச்சிகன் 10-10 ஆக்கியது. முடிவில் மிச்சிகனின் இரண்டு ஃபீல்டு கோல் (பந்தை உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே அனுப்புவது) முயற்சியும் தவறின. டிரா. இரண்டு அணியும் இருக்கும் பிக் டென் கான்ஃபரன்ஸிலிருந்து பாசடீனாவின் ரோஸ் பௌலுக்கு ஒரே அணிதான் போகலாம், போகாத அணிக்கு வேறு பௌலும் கிடையாது என்பது அன்றைய விதி. போன வருடம் போனது நாங்கள். ஆகவே இந்த முறை மிச்சிகன் என்று எல்லோரும், எங்கள் ஊர்க்காரர்கள் உட்பட, முடிவே கட்டிவிட்டார்கள். பெரியவரும் நண்பர்களும் அன்றைக்கு ராத்திரியே மேப்பில் கோடு போட்டுவிட்டார்கள்.

மறுநாள் கான்ஃபரன்ஸின் பத்து விளையாட்டு இயக்குநர்கள் ஓட்டுப் போட்டார்கள். ஒஹையோ ஸ்டேட்.

ஏன்? ஆட்டத்தின் கடைசியில் மிச்சிகன் குவார்ட்டர்பேக் டென்னிஸ் ஃப்ராங்க்ளினுக்குக் காறை எலும்பு முறிந்திருந்தது. அவர் இல்லாமல் பாசடீனாவில் என்ன ஆகுமோ என்ற பயம்.

தம்பி, 50 வருடம் கழித்து அதே வார்த்தை! குவார்ட்டர்பேக் இல்லை, ஆகவே அனுப்ப வேண்டாம்.

ஒஹையோ ஸ்டேட் போய் யு.எஸ்.சி.யை (தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) 42-21 என்று ஜெயித்தது. எங்கள் ஊரில் இதைத்தான் சொல்லுவார்கள், "பார், சரியான ஆளைத்தான் அனுப்பினார்கள்" என்று. நானும் சொல்லியிருக்கிறேன். மிச்சிகன் கோச் போ ஷெம்பெக்லருக்கு அந்தக் காயம் கடைசிவரை ஆறவில்லை. 1972, 73, 74 மூன்று சீசனில் அவர் அணி 30 வெற்றி, 2 தோல்வி, 1 டிரா. ஒரு பௌல்கூட ஆடவில்லை. 1975-இல்தான் பிக் டென் அந்த ஒரே-பௌல் விதியைத் தளர்த்தியது.

"தோற்றிருந்தால் அன்றைக்கே மறந்திருப்பேன்" என்றார் பெரியவர். மேப்பை அதே மடிப்பில் மடிக்க அவருக்கு ரொம்ப நேரமானது.

டிசம்பர் 12, 2023

மிச்சிகன் மேல் உங்களுக்கு ஏன் அவ்வளவு கோபம் என்று கேட்டிருக்கிறார்கள். கோபம் எனக்கு முன்பே இங்கே இருந்தது. 1835-இல் டொலீடோ நகரம் யாருக்கு என்று ஒஹையோவும் மிச்சிகனும் படை திரட்டிக்கொண்டு நின்றிருக்கின்றன. டொலீடோ ஒஹையோவுக்கு வந்தது. மிச்சிகனுக்கு ஈடாக வடக்கே ஒரு பெரிய தீபகற்பம் கிடைத்தது. ஃபுட்பால் வந்தது 1897-இல்தான்.

2005-இல் நான் படிக்க வந்து சேர்ந்தேன். மிச்சிகன் ஆட்டம் நடக்கும் வாரத்தில் வளாகத்துப் பெயர்ப் பலகைகளில் 'எம்' என்ற எழுத்தின் மேலெல்லாம் சிவப்பு டேப்பால் பெருக்கல் குறி. ஆய்வுக்கூடத்துக் கதவிலும். என் அறை நண்பன் மதுரைக்காரன், அவன் பெயரும் அந்த எழுத்தில்தான் தொடங்கும். தபால் பெட்டியில் இருந்த அவன் பெயர் மேலும் யாரோ டேப் ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். அவன் அதைக் கழற்றவே இல்லை, பெருமையாக வைத்திருந்தான்.

அடுத்த வருடம் நவம்பர் 18. முதல் இடத்தில் நாங்கள், இரண்டாம் இடத்தில் மிச்சிகன். முந்தின நாள் ஷெம்பெக்லர் இறந்துபோனார். எங்கள் அரங்கத்தில் அவருக்காக எல்லோரும் மௌனமாக நின்றார்கள். டிக்கெட் வாங்க வசதியில்லாமல் நாங்கள் எட்டுப் பேர் ஒரு சின்ன டி.வி. முன்னால் பார்த்தோம். 42-39, ஜெயித்தோம்.

அப்புறம் கேள்வி வந்தது: தேசிய இறுதியில் எங்களை எதிர்கொள்வது யார்? மிச்சிகனா, ஃப்ளோரிடாவா (உங்கள் ஃப்ளோரிடா ஸ்டேட் அல்ல, அது வேறு பல்கலைக்கழகம்)? ஏற்கெனவே தோற்றவனோடு மறுபடி எதற்கு என்று நான் எல்லோரிடமும் வாதாடினேன். ஃப்ளோரிடா வந்தது. முதல் கிக்கையே எங்கள் டெட் கின் பிடித்து டச்டவுன் வரை ஓடினார். கொண்டாட்டக் குவியலில் அவர் காலிலேயே அடிபட்டு வெளியேறினார். 41-14, தோற்றோம். அடிபட்டவர் இல்லாமல் என்ன ஆகும் என்பது எனக்கும் தெரியும் தம்பி. ஆனாலும் ஆடித்தான் தோற்றோம், ஆட விடாமல் அல்ல.

டிசம்பர் 31, 2023

ஆரஞ்சு பௌல்: ஜார்ஜியா 63, ஃப்ளோரிடா ஸ்டேட் 3.

பார்த்தீர்களா, குழு சொன்னது சரிதானே என்று காலையிலிருந்து மூன்று பேர் எழுதிவிட்டார்கள். இல்லை. 20-க்கும் மேற்பட்ட வீரர்கள் அந்த ஆட்டத்துக்கு வரவே இல்லை. என்.எஃப்.எல். என்ற தொழில்முறை லீகுக்குப் போகிறவர்கள் ஆடவில்லை, வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறுகிறவர்கள் பெட்டி கட்டிவிட்டார்கள். கோப்பைக்கு இல்லாத ஆட்டத்தில் உடம்பை ஏன் பணயம் வைக்க வேண்டும் என்று நினைத்தார்கள். டிசம்பர் 2 அன்று இருந்த அணியை டிசம்பர் 30 அன்று இருந்த அணியை வைத்து அளக்கக் கூடாது. 42-21-ஐக் காட்டி 1973 ஓட்டைச் சரி என்று சொன்ன அதே தவறு இது.

தம்பி, சாப்பிட்டுத் தூங்குங்கள்.

ஜனவரி 9, 2024

மிச்சிகன் தேசிய சாம்பியன். வாஷிங்டனை 34-13. இதை எழுத எனக்குக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். 15 ஆட்டம், 15 வெற்றி.

ஜனவரி 1 அன்று ரோஸ் பௌலில் அலபாமாவை ஓவர்டைமில் 27-20 என்று ஜெயித்தார்கள் இல்லையா, அந்த ஆட்டத்துக்குப் பெரியவர் போயிருந்தார். இடையில் எத்தனையோ முறை மிச்சிகன் ரோஸ் பௌலுக்குப் போயிருக்கிறது, இவருக்குத்தான் வேலை, பிள்ளைகள், மனைவியின் உடல்நிலை என்று தள்ளிக்கொண்டே போயிற்று. மகள் விமான டிக்கெட் எடுத்துக் கொடுத்தாள். மேப்பைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனாராம். அந்த நால்வரில் இப்போது இருப்பது இரண்டு பேர். இன்னொருவர் அரிசோனாவிலிருந்து வந்து சேர்ந்துகொண்டார். இருவரும் மேப்பை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, பின்னால் மலையும் அரங்கமும் தெரிய ஒரு போட்டோ. போனில் காட்டினார். நான் கை கொடுத்தேன். சந்தோஷமாகவே கொடுத்தேன்.

டிசம்பர் 1, 2024

மிச்சிகன் 13, ஒஹையோ ஸ்டேட் 10. எங்கள் ஊரில். இந்த வருடம் அவ்வளவு சுமாராக ஆடிய மிச்சிகனிடம். தொடர்ந்து நான்காவது தோல்வி. ஆட்டம் முடிந்து எங்கள் மைதானத்தின் நடுவில் அவர்கள் கொடியை நட வந்து, கைகலப்பாகி, போலீஸ் பெப்பர் ஸ்ப்ரே அடிக்கும்படி ஆயிற்று.

இன்றைக்கு வேறு எதுவும் எழுதப்போவதில்லை.

டிசம்பர் 22, 2024

இந்த வருடம் 12 அணி பிளேஆஃப். ரேங்கிங்கில் மேலே இருக்கும் ஐந்து கான்ஃபரன்ஸ் சாம்பியன்களுக்கு இடம் உறுதி. ஒரு வருடம் முன்னால் இந்த விதி இருந்திருந்தால் தம்பியின் அணி உள்ளே போயிருக்கும். ஃப்ளோரிடா ஸ்டேட் இந்த சீசனில் 2 வெற்றி, 10 தோல்வி. அதற்கும் அந்த டிசம்பருக்கும் சம்பந்தம் இல்லை என்று என்னால் நினைக்க முடியவில்லை. நிரூபிக்கவும் முடியாது.

முதல் சுற்று பல்கலைக்கழக மைதானத்திலேயே நடக்கிறது. இது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. நேற்று இரவு டென்னசி கொலம்பஸுக்கு வந்தது. உறைகுளிர். இரண்டு சாக்ஸ், அதற்கு மேல் பிளாஸ்டிக் பை, அதற்கு மேல் பூட்ஸ். அரங்கத்தில் திரும்பின பக்கமெல்லாம் டென்னசியின் ஆரஞ்சு நிறம், நம் ஊரில்தான் இருக்கிறோமா என்று சந்தேகமே வந்தது. முதல் கால்பகுதியில் 21-0 ஆனதும்தான் நம் பக்கம் சத்தம் வந்தது. கடைசியில் 42-17. மூன்று வாரமாக கோச்சைத் திட்டிக்கொண்டிருந்த பின்வரிசைக்காரர் என் தோளைப் பிடித்து உலுக்கினார். பெயர்கூடத் தெரியாது.

ஜனவரி 21, 2025

சாம்பியன். ஓரிகன் 41-21, டெக்சஸ் 28-14, நேற்று அட்லாண்டாவில் நோட்டர் டேம் 34-23.

குழுவின் கடைசி ரேங்கிங்கில் நாங்கள் ஆறாம் இடம். பழைய நான்கு அணி முறை இருந்திருந்தால் வீட்டில் உட்கார்ந்திருப்போம். நேரடியாகக் காலிறுதிக்குப் போன நான்கு சாம்பியன்களும் காலிறுதியிலேயே தோற்றார்கள். வெளியிலிருந்து கணித்துச் சொல்கிற 13 பேர் கெட்டிக்காரர்கள்தான், உழைக்கிறவர்கள்தான். ஆனாலும் இவ்வளவுதான் கணிக்க முடிகிறது.

பெரியவர் வாசலில் கொடியை ஒரு நாள் இறக்கி வைத்திருந்தார், எனக்காக. பதிலுக்கு வீட்டில் செய்த கீரை வடை கொடுத்தனுப்பினேன்.

டிசம்பர் 8, 2025

நேற்று வந்த பிளேஆஃப் பட்டியலில் நோட்டர் டேம் வெளியே, மயாமி உள்ளே. இரண்டுக்கும் 10 வெற்றி, 2 தோல்வி. வாரக்கணக்காக நோட்டர் டேமை மேலே வைத்திருந்த குழு கடைசி நாளில் மாற்றிவிட்டது. ஆகஸ்ட் 31 அன்று இரண்டும் மோதி, மயாமி 27-24 என்று ஜெயித்தது. நோட்டர் டேம் கோபத்தில் பௌலே வேண்டாம் என்று சொல்லிவிட்டது. அவர்கள் மனவருத்தம் எனக்குப் புரிகிறது, அத்தனை வாரம் மேலே வைத்துக் காட்டியிருக்கக் கூடாது. ஆனாலும் முடிவு சரி.

டல்லஹாசித் தம்பி இப்போது வேலைக்குப் போய்விட்டார். ஆனாலும் முதல் ஆளாக வந்து கேட்டார்: "அண்ணா, 2023 போல இதிலும் நாளைக்கு மாற்றிப் பேசுவீர்களா?"

மாட்டேன் தம்பி. காலையில் பனி தள்ளும்போது பெரியவரிடமும் கேட்டேன். மயாமியா, நோட்டர் டேமா? மண்வாரியை நிறுத்தாமலேயே சொன்னார், "அவர்கள்தான் ஆடிவிட்டார்களே. ஓட்டு எதற்கு?"